நாலு வீதியில் ஓடினவள்

எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை சும்மா ஓடிவிட முடியாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம், நாய் துரத்தினால் ஓடலாம், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டது என்றால் ஓடலாம். இது எதுவும் இல்லாமல் விடியற்காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு ஒருத்தி ஓடினால் அவளிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். கடலூரில் ஓடினால் வியாதி. சிதம்பரத்தில் ஓடினால் வேண்டுதல். நான் இரண்டு ஊரிலும் ஓடினேன், இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து எனக்கு வேண்டிய மட்டும் சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

அது 2010. எனக்குச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கள் கம்பெனியும் பக்கத்துக் கட்டடத்துக் கம்பெனிகளும் சேர்ந்து டிரையத்லான் நடத்தப்போவதாக ஒருநாள் மெயில் வந்தது. முதலில் நீந்த வேண்டும், ஈரம் காய்வதற்குள் சைக்கிளில் ஏற வேண்டும், சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். வசூலாகிற பணம் இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளின் ஆபரேஷனுக்கு. நல்ல காரியம்தான். பணத்தை நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாமே, நடுவில் இத்தனை பேர் எதற்கு மூச்சு வாங்க வேண்டும் என்று கேட்டேன். லிஃப்ட் நின்றுபோனால் முதல் மாடிக்கே வராத எங்கள் மேனேஜர், "டீம் ஸ்பிரிட்" என்றார். அட போங்கய்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் பெயர் கொடுத்தேன். எனக்கு டீமும் வேண்டாம் ஸ்பிரிட்டும் வேண்டாம். அந்த வருஷம் முழுக்க யாரையாவது ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. அது நடக்கிற காரியமில்லை, அதனால் ஓடலாம் என்று முடிவு செய்தேன்.

அறை யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம், எங்களுக்குக் குழந்தை இல்லை. முந்தின வருஷம்தான் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, குறை என் வீட்டுக்காரரிடம், மருந்து மாத்திரையால் ஆகிற விஷயமில்லை என்று பிட்டுப் பிட்டு வைத்தார். நான் அங்கேயே அழுது தீர்த்தேன். என் வீட்டுக்காரர் அழவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், அவுங்க தாங்க மாட்டாங்க" என்றார். வேறு வழி இருக்கிறதா, தத்து எடுக்கலாமா என்று நான் பேச்செடுத்தபோதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஆக, சிதம்பரத்தில் இருந்த என் மாமியார் பேரப்பிள்ளைக்குக் காத்துக்கொண்டே இருந்தார். குறை யாரிடம் என்பதை ஊர் யாரையும் கேட்காமல் முடிவு செய்துகொண்டது. அதில் ஊருக்குச் சந்தேகமே வராது. பிள்ளை இல்லை என்றால் பொம்பளைதான்.

நான் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் போனபின் அவர் சிதம்பரத்தில் தனியாக இருந்தார். கடலூரில் என் அம்மா, அண்ணன், அண்ணி. மாதம் இரண்டு தடவை நான் இந்த இரண்டு வீட்டுக்கும் போய்வந்தாக வேண்டும். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாமல் திரும்பினால் அடுத்த பொங்கல் வரைக்கும் அதையே சொல்லிக்காட்டுவார்கள். என் வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமையும் ஆபீஸ் இருந்ததால் அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் என் தலையில்தான். அதனால் பயிற்சியையும் பையில் கட்டிக்கொண்டு போனேன். ஒரு பையில் புடவையும் அத்தைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையும், இன்னொன்றில் ஷூவும் நீச்சல் கண்ணாடியும்.

கடலூரில் நான் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"சுகர் எவ்ளோ இருக்குது?"

"எனக்கு சுகர் இல்ல அண்ணி."

"ஆரம்பத்துல எல்லாரும் இப்பிடித்தான் சொல்வாங்க."

அம்மா மறுநாளே பாகற்காயை அரைத்துத் தம்ளரில் நீட்டினாள். அந்தக் கசப்பு தொண்டையைவிட்டு இறங்குவதற்குள், காடாம்புலியூரிலிருந்து யாரோ கொண்டுவந்த பலாச்சுளையைத் தட்டு நிறைய வைத்து, சாப்பிடு, உடம்பு இளைத்துக் கிடக்கிறாய் என்றாள். சுகர் இருக்கிறவளுக்கு எதற்குப் பலாப்பழம் என்று கேட்டால், "பழம்தான, ஒண்ணும் பண்ணாது" என்றாள். தெருவில் என் வியாதி வாரத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் தைராய்டு, ஒரு வாரம் கொழுப்பு. ஒரு அம்மாள் கேட்டைத் திறந்து வெளியே வந்து, நெஞ்சுவலி வந்தவர்கள் இவ்வளவு வேகமாக ஓடக் கூடாது என்று எனக்கு அறிவுரை சொன்னாள். அவளுக்கு நான் யாரென்றே தெரியாது.

நீச்சலுக்கு தேவனாம்பட்டினம் கடற்கரை. சென்னையில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்ட நீச்சல் என்னுடையது. கடலில் கொஞ்சம் பழகினால்தான் போட்டியில் பயப்படமாட்டாய் என்று சொல்லிக்கொடுத்த அம்மாள் சொல்லியிருந்தார். முழுக்கால் பேன்ட்டும் முழுக்கை பனியனும் போட்டுக்கொண்டு விடிந்ததும் கரையில் இறங்கினேன். அண்ணன் வண்டிமேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். இடுப்பளவு தண்ணீருக்குப் போவதற்குள், வலை உதறிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள்.

"ஏம்மா, எதுவா இருந்தாலும் ஊட்ல பேசித் தீத்துக்கலாம். இதுக்குப் போயி..."

"நான் நீந்தப் போறேங்க. போட்டிக்கு."

"எல்லாம் நாங்க கேக்குறோம். நீ மொதல்ல வெளிய வா."

அண்ணன் வந்து விளக்க வேண்டியதாயிற்று. அவன் விளக்கிய லட்சணம், "அவ ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க" என்பதோடு முடிந்தது. அந்த இருவரில் பெரியவர், பொம்பளையைக் கடலில் இறங்கச் சொல்கிறவன் எவன், அவன்மேல் போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றார். அந்த மனுஷர்களை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை. சுனாமி வந்து ஆறு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கரையில் ஒருத்தி தனியாகக் கடலுக்குள் நடப்பதை அவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். நான் நீந்தி முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் தண்ணீரிலேயே நின்று காவல் காத்தார்கள். கூடப் பிறந்தவன் திரும்பப் போய் பேப்பரை எடுத்துக்கொண்டான்.

சைக்கிள் கதை இன்னும் மோசம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் சைக்கிளிலேயே போய்விடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். தனியாக விடமாட்டேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றதால் அண்ணன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தான். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அன்றைக்குத்தான் ஹெல்மெட் போட்டான். தனியார் பஸ்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை அழுத்திப் பிடித்து, நான் துள்ளுகிற அழகைப் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போனார்கள். ஆலப்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார்.

"ஏன் சார், அந்தப் பொண்ண வண்டியில ஏத்திக்கக் கூடாதா? என்னா மனுசன் நீ?"

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே டீ குடிக்கப் பார்த்தான். புதுச்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் நான் சிரித்துக்கொண்டேதான் மிதித்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்துச் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

சிதம்பரத்தில் அத்தையின் வீடு வடக்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். கோயிலைச் சுற்றி நாலு தேர் வீதிகள். அகலமான வீதிகள், காலை நேரத்தில் பால்காரரைத் தவிர ஆள் நடமாட்டம் கிடையாது. ஓடுகிறவளுக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்? மறுநாள் லீவு போட்டிருந்தேன். விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். சாமி வலம் வருகிற வீதியில் ஒருத்தி திரும்பத் திரும்பச் சுற்றினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். நான் யோசித்தது எல்லாம், எதிரே வருகிற வண்டி கண்ணில் பட வேண்டும் என்பதுதான். அதற்காக வண்டிகள் சுற்றுகிற திசைக்கு எதிராக, இடமாகச் சுற்றினேன். கீழ வீதியில் கூடையை இறக்கிக்கொண்டிருந்த பூக்காரம்மா என்னை இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை கையை நீட்டி மறித்தாள்.

"ஏ பொண்ணு! எடமா சுத்துனா ஒண்ணும் கெடைக்காது. வலமா போ."

எனக்குப் பேச மூச்சில்லை. சரி என்று திரும்பி ஓடினேன்.

"எத்தினி சுத்து?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"அஞ்சு!"

நான் பேசியது அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் செய்தி கண்ணு காது மூக்கு வைத்து வந்து சேர்ந்திருந்தது. அத்தை சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லல, பாத்தியா?"

"என்னது அத்த?"

"அஞ்சு சுத்து. புள்ள வரத்துக்குத்தான?"

"ஐயோ, இல்ல அத்த. இது ஆபீஸ் போட்டி. நீந்தணும், சைக்கிள் ஓட்டணும், அப்புறம்..."

"சரி சரி. வேண்டுதல வாயால சொன்னா பலிக்காது. அதுகூடவா எனக்குத் தெரியாது? யாரு கேட்டாலும் நீ போட்டின்னே சொல்லு."

இப்படி ஒரு ஆளிடம் என்னதான் வாதாடுவது? இல்லை என்று சொன்னால் வேண்டுதலை மறைக்கிறாள் என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம். நான் கோபத்தில் கத்தினால், பாவம், விரதம் இருக்கிற உடம்பு என்று அர்த்தம். அன்று மத்தியானமே எதிர்வீட்டு அம்மாளிடம் அத்தை, "போட்டியாம்!" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மாளும் சிமிட்டினாள்.

என் வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கத்தினேன். "உங்க அம்மா நான் புள்ள வரம் கேட்டு கோயில சுத்துறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நீங்களே சொல்லிடுங்க."

"விடேன். அவுங்க சந்தோஷமா இருக்காங்கல்ல?"

"இங்க எல்லாரும் என் வயித்தப் பாக்குறாங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ ஃபைலைக் கேட்டார். பிறகு, "மீட்டிங் இருக்கு" என்றார். அந்த மனுஷருக்கு இருந்த மீட்டிங்குகளுக்கு நாட்டையே நடத்தியிருக்கலாம்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவை சிதம்பரம் போகும்போதும் எனக்குக் கூட்டம் சேர்ந்தது. தெற்கு வீதியில் ஒரு ரிடையர்டு ஆபீசர் கைத்தடியோடு நின்று, தன் மகளுக்கு எந்தக் கோயிலில் பலித்தது என்று நான் ஓட ஓட மூன்று சுற்றில் மூன்று பாகமாகச் சொன்னார். முன்பின் தெரியாத ஒருத்தி என் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமி வீதியில் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடுகிறாளே என்று பூக்காரம்மா பஞ்சாயத்து வைத்தபோது, அத்தையே முன்னால் வந்து, "அவளுக்குக் கால்ல ஆணி, டாக்டரு சொல்லியிருக்காரு" என்று கூசாமல் பொய் சொன்னார். ஆடி மாசத்தில் நடந்ததுதான் உச்சம். பால்குடம் எடுத்து வருகிறவர்கள் காலில் ஊற்றுவதற்காக ஒரு வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். பால்குடம் இன்னும் வரவில்லை. நான் வந்தேன். அவ்வளவு பக்தியோடு குடத்தைக் கவிழ்த்தாள் அந்த மகராசி. ஆசை ஆசையாக வாங்கிய புது ஷூ. சொதசொதவென்று நாலு வீதியிலும் மஞ்சள் தடம் பதித்துக்கொண்டே ஓடினேன்.

அவமானமாக இருந்தது. சிரித்துக்கொண்டே எழுதுகிறேனே தவிர, அந்த மாதங்களில் வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று ஒரே ஒரு தடவை அந்தக் கீழ வீதியில் நின்று கத்த வேண்டும் போல இருக்கும். வெளியே வந்தால் அத்தை சுடச்சுட இட்லி வைத்துக்கொண்டு காத்திருப்பார். "நல்லா சாப்பிடு, இன்னும் தெம்பு வேணும்ல" என்பார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

புரட்டாசியில் போட்டி நடந்தது. சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில். அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மேனேஜர்கள் கருப்புக் கண்ணாடியும் புது பனியனும் போட்டுக்கொண்டு வந்து, சைக்கிளைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் பந்தலுக்குள் போய்விட்டார்கள். குழந்தைகளின் படம் போட்ட பேனரில் குழந்தைகளைவிடக் கம்பெனிகளின் பெயர் பெரிசாக இருந்தது. பேசியவர்களில் ஒருவர்கூட அந்தக் குழந்தைகள் எந்த ஊர், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. எல்லாரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள். நான் நீந்தினேன், மிதித்தேன், ஓடினேன். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தேன். ஒரு மெடலும் ஒரு வாழைப்பழமும் கொடுத்தார்கள். போட்டி முடிந்தது, இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அத்தைக்கு போனில் சொன்னேன். "சரி சரி, நல்லா ரெஸ்ட் எடு" என்றார்.

ரெஸ்ட் எடுத்தேன். மழை, காய்ச்சல், ஆபீஸ் வேலை என்று கொஞ்ச நாள் ஊர்ப்பக்கமே போகவில்லை. தீபாவளி நெருங்கியபோதுதான் அம்மாவைப் பார்த்துவிட்டு அத்தைக்குப் புடவை கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். கடலூரில் ஒரு ராத்திரி தங்கி, காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம் வந்து இறங்கினேன். வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் முந்தின நாளே சமைக்க ஆரம்பித்துவிடுவார்.

மேல வீதி வழியாக நடந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது, வீதியெல்லாம் சகதி. எனக்கு முன்னால் ஒரு வயசான அம்மாள் வெறுங்காலோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். நாலு அடி வைப்பதும், மூடிக்கிடந்த கடைப்படியில் உட்காருவதும், முட்டியை அழுத்திக்கொண்டு எழுந்திருப்பதுமாக. யாரோ பாவம் என்று நினைத்தேன். எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிய விதத்தில்தான் அது அத்தை என்று தெரிந்தது.

கூடையோடு அந்தப் பக்கம் வந்த பூக்காரம்மா என்னைப் பார்த்துவிட்டாள். "வாம்மா. ஒடம்பு தேவலையா? இன்னிக்கி நீயே வந்துட்ட, அவுங்க உக்காரலாம்."

"அவுங்க எதுக்கு நடக்குறாங்க?"

"இதென்னாடி கேக்குற? நீ ஊர்ல இல்லாத நாளெல்லாம் அவுங்கதான சுத்துறாங்க. நீ ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அத்தை என்னைப் பார்த்ததும் திருடும்போது பிடிபட்ட மாதிரி விழித்தார்.

"நீ ஏன் இன்னிக்கி வந்த?"

"யாரு ஒங்கள நடக்கச் சொன்னது?" நான் போட்ட சத்தத்தில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். "முட்டி தேஞ்சிபோச்சி, மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

"கத்தாத. நீ வராத நாளைக்கி விட்டுப்போவக் கூடாதுல்ல. வேண்டுதலு அறுந்துபூடும். நீ அஞ்சு ஓடுற. என்னால ஒண்ணுதான் முடியுது."

"போட்டி முடிஞ்சிபோச்சின்னு போன்லயே சொன்னேனே அத்த."

"போட்டி முடிஞ்சிதுன்னுதான சொன்ன. வேண்டுதலு முடிஞ்சிதுன்னு சொல்லலியே."

ஆட்டோ கூப்பிட்டேன். ஏற மாட்டேன் என்றார், பாதியில் விடக் கூடாது, இன்னும் ஒரு வீதிதான் இருக்கிறது என்றார். இழுத்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு வடக்கு வீதி முழுக்க நடந்தேன். நான் சில நிமிஷத்தில் ஓடிக் கடக்கிற வீதி. அன்றைக்கு அது முடியவே இல்லை. அவர் மூச்சு வாங்குவது என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீர் கொண்டுவந்து கால் சகதியைக் கழுவினேன். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. உள்ளங்காலில் எதுவோ கிழித்த காயத்தில் மஞ்சள் அப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கும் போச்சு, ஒரு மண்ணும் போச்சு.

"அத்த, எங்களுக்குப் புள்ள பொறக்காது."

"அப்பிடிச் சொல்லாதடி. வெள்ளிக்கெழம அதுவுமா..."

"டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. பொறக்காது."

அத்தை என் கையிலிருந்து காலை இழுத்துக்கொண்டார். "ஒனக்கு இன்னா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்த."

அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்தார். சந்தில் ஒருவன் கோலமாவு விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் முனை திரும்பியதும் என் பக்கம் திரும்பினார்.

"அவன்தான் சொல்ல வேணாம்னானா?"

தலையாட்டினேன்.

"பயந்தாங்கொள்ளிப் பய" என்றார். மகனை அவர் ஒரு சொல் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். "ஊரே ஒன்னத்தான சொல்லிச்சி. கேட்டுக்கினே ஓடுனியா?"

நான் வெந்நீரைக் கையால் அளைந்துகொண்டிருந்தேன்.

"அப்ப எதுக்குத்தான்டி ஓடுன?"

"நெஞ்சுல ஓட்டையோட பொறந்த கொழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்ண. மொதல்லேர்ந்து அதத்தான் அத்த சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"யாரு பெத்த புள்ளைங்க?"

"தெரியல. யார் யாரோ."

அவர் தன் காலைப் பார்த்தார். காயத்திலிருந்து மஞ்சள் கரைந்து தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் நடந்தது?"

அந்த நிமிஷம் என் வீட்டுக்காரர் எதிரில் இருந்திருந்தால் வெந்நீர்ச் சட்டியை அப்படியே தூக்கி ஊற்றியிருப்பேன்.

"நான் நடந்தது அதுங்களுக்குப் போவுமா?" என்றார் அத்தை.

"போவும் அத்த."

"அதுல பொம்பளப் புள்ளையும் இருக்குமா?"

ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் பெண் குழந்தை வேண்டும் என்று என்னிடம் சொன்னதில்லை.

"இருக்கும்" என்றேன். இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அத்தை சரி என்று தலையசைத்துவிட்டுக் காலை மறுபடியும் என் பக்கம் நீட்டினார். அதற்கப்புறம்தான் அழுதார். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.